பழைய கல்பாலமும் அதன் கதையும்: புகைப்பட நடைக்குக் கிளம்புமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமப்புறப் பாதையில் ஓரிரண்டு மணி நேரம் நடந்து, ஓடையின் குறுக்கே நிற்கும் பழைய கல்பாலம் ஒன்றைப் படமெடுத்துத் திரும்புவதுதான் இந்த நடை. பெரும்பாலும் அந்தப் பாலத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை இருக்கும். சாத்தான் கட்டியது, ஒரு பெண்ணை உள்ளே வைத்துக் கட்டியது, இரவில் கடக்கக் கூடாதது என்று ஏதாவது ஒன்று. முதல்முறை போகிறவர்கள் நூறு படங்களோடு திரும்பி வருவார்கள். அதில் பாலமும் சரியாக இருக்காது, கதையும் இருக்காது. அதற்கான காரணங்களும் சரிசெய்யும் வழிகளும் கீழே.

எங்கே நின்று எடுப்பது?

பாலத்தின் மேல் நின்று அல்ல. மேலே நின்றால் கிடைப்பது பாதையும் கைப்பிடிச்சுவரும்தான். வளைவு உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. வேல்ஸில் உள்ள டெவில்ஸ் பிரிட்ஜ் (சாத்தான் பாலம்) இதற்கு நல்ல உதாரணம். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாலங்கள்: அடியில் இடைக்காலத்துக் கல்பாலம், அதன்மேல் 1753-இல் கட்டிய கல்பாலம், எல்லாவற்றுக்கும் மேலே 1901-இன் இரும்புப் பாலம். சாலையில் நிற்பவருக்கு மேலே உள்ளது மட்டுமே தெரியும். கதைக்கு உரிய பாலத்தைப் பார்க்கப் படியிறங்கிப் பள்ளத்தாக்குக்குள் போக வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு நான்கு இடங்களைப் பாருங்கள். கீழ்நீர்ப் பக்கம், ஓடையின் நடுவிலோ கரையோரத்திலோ, பாலத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி. அடுத்து மேல்நீர்ப் பக்கம்: தூண்களில் தண்ணீரைப் பிளப்பதற்காகக் கட்டிய கூர்முனைகள் இருந்தால் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். மூன்றாவது, பாதை பாலத்தில் ஏறும் இடத்திலிருந்து ஐம்பது அடி பின்னால். கூன் விழுந்த பாலம் என்றால் அந்தக் கூனல் இங்கிருந்துதான் தெரியும். நான்காவது இடம் வளைவின் அடி.

இந்த நான்காவதை யாரும் பார்ப்பதில்லை. அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், வளைவின் உட்புறத்தில் கரையிலிருந்து கரை வரை ஒரு நேர்க்கோடு ஓடக்கூடும். கோட்டுக்கு ஒருபுறம் கல் சிறியதாக, கருத்து, விளிம்பு மழுங்கி இருக்கும். மறுபுறம் பெரியதாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். பின்னாளில் வண்டிகளுக்காகப் பாலத்தை அகலப்படுத்திய தையல் அது. வளைவு தொடங்கும் மட்டத்தில் சில கற்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கட்டும்போது மரச்சாரம் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது என்று பொருள். பக்கவாட்டு வெளிச்சத்தில் இவற்றை எடுத்தால், அந்த ஒரு படம் பாலத்தின் வரலாற்றையே சொல்லிவிடும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். கேமராவோடு நடக்கிறவர்கள் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். 4 கிலோமீட்டர் தூரம், 150 மீட்டர் ஏற்றம் என்றால் அவர் கணக்கில் 63 நிமிடம். உங்களுக்கு 2 மணி நேரத்துக்கு மேல். பாலத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

அஸ்தமன வெளிச்சத்தில் பாலத்தை எடுக்கப் போனால் திரும்புவது இருட்டில்தான். பகலில் சாதாரணமாகத் தெரிந்த வரப்புப் பிரிவும் வேலித் திறப்பும் இருட்டில் கண்ணுக்கே படாது. அதனால் முதல் நடையை மாலையில் வைக்காதீர்கள். வழி பழகிய பிறகு மாலைக்குப் போகலாம். அப்போதும் தலைவிளக்கு வேண்டும். போன் டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், படத்துக்கென வைத்திருந்த சார்ஜையும் தின்றுவிடும்.

காலை வெளிச்சமா, மாலை வெளிச்சமா?

இதை முடிவு செய்வது ஓடை ஓடும் திசை. கிளம்பும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஓடையைப் பாருங்கள். ஓடை கிழக்கு மேற்காக ஓடினால், பாலம் வடக்கு தெற்காகக் கிடக்கும். அதன் முகங்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். காலையில் ஒரு முகம், மாலையில் மறுமுகம். சிக்கல் இல்லை.

ஓடை வடக்கு தெற்காக ஓடும்போதுதான் யோசிக்க வேண்டும். அப்போது முகங்கள் வடக்கும் தெற்கும். மார்ச் 21-ஐ ஒட்டிய நாளிலிருந்து செப்டம்பர் 23 வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. அந்த ஆறு மாதங்களில் வடமுகத்தின் மேல் காலையும் மாலையும் வெயில் உரசிக்கொண்டு விழும். மீதி ஆறு மாதம் உரசல் தென்முகத்துக்கு.

அந்த உரசல்தான் வேண்டும். வெயில் முகத்துக்கு நேரெதிரே விழுந்தால் கல் தட்டையாகிவிடும், சுண்ணாம்பு பூசிய சுவர்போல இருக்கும். பக்கவாட்டில் தாழ்வாக விழுந்தால் ஒவ்வொரு உளிக்கொத்துக்கும் ஒரு நிழல் உண்டாகும். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்குவதால் இந்த வெளிச்சம் சீக்கிரம் முடிந்துவிடும். வடக்கே போகப்போக அது நீடிக்கும். உங்கள் இடத்துக்கு எவ்வளவு என்று தெரியாவிட்டால், சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே டிரைபாடை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

வானம் மூடிக்கிடந்தால் நடையை ரத்து செய்யலாமா?

வேண்டாம். மரங்களுக்கு நடுவே இருக்கும் பாலத்துக்கு மூடிய வானம் வெயிலைவிட நல்லது. நனைந்த கல் கறுத்து மின்னும், பாசி பச்சை கூடும். வெள்ளை வானத்தை மட்டும் ஃபிரேமுக்குள் விடாதீர்கள். நனைந்த பாசி, கல், இலை எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் பளபளப்பு இருக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் என்ற பளபளப்பு நீக்கும் ஃபில்டரைத் திருப்பினால் அது விலகி நிறம் வெளிவரும். மேல்நீர்ப் பக்கம் கனமழை என்றால் அது வேறு விஷயம், கீழே பார்க்கவும்.

என்னென்ன எடுத்துப் போவது?

ஒரு கேமரா, 24-70 மிமீ போன்ற ஒரு லென்ஸ். தூரத்துக் கற்சிற்பம், கல்வெட்டு போன்றவை இருக்கும் என்று தெரிந்தால் 200 மிமீ வரை போகும் இன்னொன்று. டிரைபாட், போலரைசர், 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), கூடுதல் பேட்டரி. மூன்று துடைப்புத் துணி: ஓடைக்கருகில் முதல் துணி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். மொத்தம் 6 கிலோவுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கி, கீழே இறங்கிப் பார்க்க மனம் வராது. பாலத்தின் மேலேயே நின்று எடுத்துவிட்டுத் திரும்புவீர்கள்.

காலுக்கு, அடியில் பள்ளமான பிடிப்புள்ள ரப்பர் செருப்போ பூட்ஸோ. வழுவழுப்பான அடி கொண்ட ஷூ பாசிக்கல்லில் நிற்காது.

போன் மட்டும் போதுமா?

போதும், மூன்று பழக்கங்களை விட்டால். 0.5 என்ற அகலக்கோண லென்ஸைத் தட்டி முழுப் பாலத்தையும் அடைக்காதீர்கள். ஓரத்துக் கற்கள் இழுபட்டு, அரைவட்டம் அமுங்கிய வட்டமாகிவிடும். முதன்மை லென்ஸிலேயே இருந்து பின்னால் நடங்கள். இரண்டாவது, போன் வளைவின் இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுத்துவிடும். வெளிச்சமான கல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். மூன்றாவது, திரையில் விரலால் பெரிதாக்கி எடுப்பது. அருகில் போக முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

ஓடும் நீரை மென்மையாக்க, ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம். போனைக் கல்லில் சாய்த்து வைத்து எடுத்தால்தான் அது உருப்படும்.

பாலமும் நீரில் விழும் அதன் பிம்பமும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரியும் படம் எப்படி எடுப்பது?

ஜெர்மனியின் க்ரோம்லாவ் பூங்காவில் உள்ள ராகோட்ஸ் பாலத்தின் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி இது. அங்கே வட்டம் அமைவது திறமையால் மட்டுமல்ல, நீர்மட்டத்தால். அரைவட்ட வளைவு தொடங்கும் மட்டத்தில் தண்ணீர் நின்றால்தான் முழு வட்டம். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் நெட்டையான முட்டை வடிவம் வரும். மேலே ஏறினால் இருபக்கமும் கூர்ந்த கண் வடிவம் வரும். உங்கள் பாலத்தின் வளைவு அரைவட்டமே இல்லாமல் தட்டையானதாக இருந்தால், எந்த நாளிலும் வட்டம் வராது. அந்தக் கண் வடிவமும் அழகுதான்.

கேமரா தண்ணீரிலிருந்து 20-30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். உயர்த்தினால் மேலே உள்ள பாதியும் கீழே உள்ள பாதியும் ஒத்துப்போகாது. காற்றில்லாத அதிகாலை வேண்டும். போலரைசரைக் கழற்றிவிடுங்கள், நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது பிரதிபலிப்பை அழிப்பதில் கெட்டிக்காரன். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிய வேண்டுமென்றால் அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே படத்தில் கிடைக்காது.

ஓடும் தண்ணீரைப் பட்டுபோல எடுக்க ஷட்டர் வேகம் எவ்வளவு?

எல்லாரும் நினைப்பதைவிடக் குறைவான நேரம் போதும். கால் விநாடியிலிருந்து அரை விநாடி வரை திறந்தால் நீரின் இழைகள் தனித்தனியாகத் தெரியும். 2 விநாடிக்கு மேல் போனால் இழை கரைந்து பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும், கல்லின் சொரசொரப்புக்குப் பக்கத்தில் அது பிளாஸ்டிக்போல இருப்பதே உண்மை. விதிவிலக்கு, பாலத்தடியில் நுரை சுழலும் மடு: அங்கே 20-30 விநாடி கொடுத்தால் நுரை வளையமாகும்.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 11-இல் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) கேமரா 1/60 விநாடி காட்டினால், 6 ஸ்டாப் ஃபில்டர் அதை 1 விநாடி ஆக்கும். 10 ஸ்டாப் ஃபில்டர் 16 விநாடிக்குக் கொண்டுபோகும். ஃபில்டர் இல்லாவிட்டால் போலரைசரே ஒன்றரை முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும். எஃப் 22-க்கு இறக்கி நேரத்தை நீட்டாதீர்கள். அந்த அளவில் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்க மங்கிவிடும்.

நீண்ட எக்ஸ்போஷரில் கல் கூர்மையாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் டிரைபாடின் கால். ஓட்டத்தில் நிற்கும் கால் விடாமல் அதிரும். சரளைக்குள் அழுத்தி ஊன்றுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், 2 விநாடி டைமரில் எடுங்கள். பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; அந்தரத்தில் ஆடினால் இருந்ததைவிட மோசம். இலைகள் ஆடினால் அதே இடத்திலிருந்து 1/125-இல் இன்னொரு படம் எடுத்து, இலைப்பகுதியை மட்டும் அதிலிருந்து சேர்க்கலாம்.

வளைவுக்குள் கும்மிருட்டு, வெளியே வெள்ளை. என்ன செய்வது?

ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுங்கள். வெளிச்சப்பகுதி முழு வெள்ளையாகிவிடாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, குறையுங்கள். அல்லது டிரைபாடில் 2 ஸ்டாப் கூடவும் 2 ஸ்டாப் குறைத்தும் மூன்று படம் எடுத்துச் சேருங்கள். சேர்க்கும்போது வளைவின் உள்பக்கத்தை முழுக்க வெளிச்சமாக்கிவிடாதீர்கள். வளைவுக்கு இருட்டு வேண்டும். அது இல்லாவிட்டால் பாலம் வெறும் ஓட்டைச் சுவர்.

ஃபோகஸ் எங்கே வைப்பது?

முழு ஃபிரேம் கேமராவில் 24 மிமீ, எஃப் 11 என்றால் 2 மீட்டரில் வையுங்கள். சுமார் 1 மீட்டரிலிருந்து கடைசி மரம் வரை தெளிவாக இருக்கும். காலடிக் கல்லையும் பாலத்தையும் சேர்த்து எடுக்க இது போதும்.

எடுத்த பாலம் சாய்ந்தே தெரிகிறது, ஏன்?

கரைக்கோட்டை வைத்துப் படத்தை நேராக்குவதால். ஓடை உங்களிடமிருந்து சாய்வாக விலகிப் போகும்போது கரைக்கோடும் படத்தில் சாய்வாகத்தான் விழும். அது அடிவானம் அல்ல. பாலத்தின் மேல்விளிம்பையும் நம்ப முடியாது, பழைய பாலங்களில் ஒரு கரை மற்றதைவிட உயரமாக இருக்கும். கேமராவின் மின்னணு மட்டத்தை நம்புங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தாலும் தூண்கள் மேலே குவிந்து சரியும். நேராகப் பிடித்துவிட்டு, கீழே வரும் கூடுதல் தண்ணீரைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கல்பாலங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சாத்தான் கதைகள்?

வளைவுப் பாலம் கட்டும் முறையே அப்படி. கடைசிக் கல் உச்சியில் இறங்கும்வரை வளைவு தானாக நிற்காது; மரச்சாரம்தான் தாங்கும். அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளம் வந்தால் சாரம் போகும், சாரத்தோடு வளைவும் போகும். தண்ணீர் தூணின் அடிமண்ணை அரித்தெடுத்தால், நேற்று நேராக நின்றது இன்று விழும். சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும். அவசரப்பட்டுச் சாரத்தைப் பிரித்தவர்களுக்கும் அதே கதி. ‘பகலில் கட்டியது இரவில் இடிந்தது’ என்று கதைகள் சொல்வது கொத்தர்களின் நிஜமான வேதனை.

அதற்குக் கதைகள் இரண்டு விடை வைத்திருக்கின்றன. ஒன்று, சாத்தானோடு ஒப்பந்தம்: அவன் கட்டித் தருவான், முதலில் கடக்கும் உயிர் அவனுக்கு. ஊரார் ஓர் ஆட்டையோ நாயையோ முதலில் விரட்டிவிட்டு அவனை ஏமாற்றுவார்கள். சுவிட்சர்லாந்தின் ஷோலனென் பள்ளத்தாக்குப் பாலத்தில் ஆடு, இத்தாலியின் போர்கோ அ மொட்சானோவில் நாய். இன்னொன்று பலி: கிரீஸின் ஆர்ட்டா பாலத்தில், தலைமைக் கொத்தனின் மனைவியை அஸ்திவாரத்துக்குள் வைத்துக் கட்டிய பிறகுதான் பாலம் நின்றதாம். பால்கன் நாடுகள் நெடுக இந்தக் கதை கோட்டைகளுக்கும் உண்டு. முதல் வகைக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், இரண்டாவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கதையை எப்படிப் படமாக்குவது?

புகை போடுவது, கறுப்புத் துணி போர்த்திய ஆளை நிறுத்துவது, கணினியில் நிலாவை ஒட்டுவது எல்லாம் வேண்டாம். பாலக்கதை காற்றில் தொங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு விரிசல், குழி, விடுபட்ட கல், கறை, கோணலான வளைவு. அதைக் கண்டுபிடித்து எடுங்கள்.

பிரான்ஸின் கஓர் நகரத்து வாலாந்த்ரே பாலத்தைப் பாருங்கள். 1308-இல் தொடங்கிய கட்டுமானம். கதைப்படி, ஏமாற்றப்பட்ட சாத்தான் பழிவாங்க நடுக்கோபுரத்தின் ஒரு மூலைக்கல்லை இரவுதோறும் பிடுங்கிவிடுவான். 1879-இல் பாலத்தைப் புதுப்பித்த கட்டிடக்கலைஞர் பால் கூ, அந்த மூலையில் சாத்தான் உருவம் செதுக்கிய கல் ஒன்றை வைத்தார்: விரலைக் கல்லிடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருக்கும் குட்டிச் சாத்தான். முழுப் பாலத்தையும் எடுத்தால் அது ஒரு புள்ளிகூட இல்லை. 200 மிமீ லென்ஸில், கோபுரத்தின் அந்த மூலையை மட்டும், விரலுக்கும் கல்லுக்கும் நடுவே நிழல் விழும் நேரத்தில் எடுத்தால் கதை முழுக்க அதில் இருக்கிறது.

ஷோலனெனில் ஏமாந்த சாத்தான் பாலத்தை உடைக்கத் தூக்கி வந்ததாகச் சொல்லப்படும் பாறை இன்றும் நிற்கிறது. எடை சுமார் 220 டன். கோத்தார்ட் சாலைக்கு வழிவிட 1977-இல் அதை 127 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள், உடைக்கவில்லை. போர்கோ அ மொட்சானோ பாலத்தில் கதை ஒட்டிக்கொண்டிருப்பது கோணலில்தான்: ஒரே ஒரு வளைவு மட்டும் மற்றவற்றைவிட வெகு உயரம், இதை மனிதர் கட்டியிருக்க முடியாது என்று பார்த்தவர் சொல்லும் அளவுக்கு. கரையோரத்தில் ரயில்பாதைக்காகப் பின்னாளில் சேர்த்த வளைவை ஃபிரேமுக்கு வெளியே விட்டால் அந்தக் கோணல் இன்னும் துலங்கும்.

பெண்ணைச் சுவரில் வைத்த கதைகளில் அடிக்கடி வருவது பால். அல்பேனியாவின் ரோசாஃபா கோட்டையில், உள்ளே வைக்கப்பட்ட தாய், குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மார்பை வெளியே விடச் சொன்னாளாம். அங்கே சுவரில் கசியும் வெள்ளை நீரை அந்தப் பால் என்கிறார்கள். சாந்திலும் சுண்ணாம்புக்கல்லிலும் உள்ள சுண்ணாம்பை மழைநீர் கரைத்து வெளியே கொண்டுவந்து படியவைக்கும் கறை அது; பழைய பாலங்களின் வளைவு அடியிலும் இதே வெள்ளைக் கோடுகளைக் காணலாம். கறை வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

கதைக்குத் தடயமே இல்லாத பாலங்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் உள்ள ஸ்லிகாகன் பழைய பாலத்தடி நீரில் முகத்தை அமிழ்த்தினால் அழியா அழகு கிடைக்கும் என்பது கதை. அங்கே எடுக்க வேண்டியது நீர்தான். பாலம் பின்னால் மங்கலாக இருக்கட்டும்.

ஊரில் கதையைக் கேட்பது எப்படி?

“இங்கே பேய் இருக்காமே?” என்று தொடங்கினால் ஆமாம் என்றோ சிரிப்பாகவோ பதில் வரும், அவ்வளவுதான். “இந்தப் பாலத்துக்கு என்ன பேர்? ஏன் அந்தப் பேர்?” என்று கேளுங்கள். பாலம் வெள்ளத்தில் போனதுண்டா, எந்த நேரத்தில் யாரும் கடக்க மாட்டார்கள், பாலத்தில் ஏதாவது அடையாளம் காட்டுவார்களா என்று மெல்லப் போகலாம். ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். இன்னொருவர் வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கலந்து ஒரே கதையாக்கினால் அது உங்கள் கதை, ஊர்க்கதை அல்ல. படக்குறிப்பில் ‘கதைப்படி’ என்ற சொல் இருக்கட்டும்.

‘ஆயிரம் வருடத்துப் பாலம்’ என்று எழுதலாமா?

கல்வெட்டோ ஆவணமோ இல்லாமல் எழுதாதீர்கள். பழசாகத் தெரிவது வேறு, பழசு வேறு. மேலே சொன்ன ராகோட்ஸ் பாலம் யாருக்கும் ஆதிகாலத்துப் பாலமாகத் தோன்றும். அது 19-ஆம் நூற்றாண்டில் பூங்கா அலங்காரமாகக் கட்டியது. இங்கிலாந்தின் எக்ஸ்மூர் பகுதியில் பார்ல் ஆற்றின்மேல் கிடக்கும் டார் ஸ்டெப்ஸ், வளைவே இல்லாத பலகைக்கல் பாலம், தூண்களுக்கு நடுவே 17 கண்கள். சாத்தான் வெயில்காயும் இடம் என்று கதை. அதை வரலாற்றுக்கு முந்தையது என்று சொன்னவர்கள் உண்டு. இடைக்காலத்தது என்பதே வலுவான கருத்து. அதோடு வெள்ளம் பலமுறை அதன் கற்களை அடித்துப்போயிருக்கிறது. திரும்ப அடுக்குவதற்காகக் கற்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் எடுக்கும் பாலம் எந்த வருடத்தது?

பாலத்தில் செய்யக் கூடாதவை?

கைப்பிடிச்சுவர்மேல் ஏறுவது: மேல்வரிசைக் கற்கள் பல பாலங்களில் சாந்து போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தீட்டுவது, பாசியைச் சுரண்டுவது. அதற்குப் பதில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மழுங்கிய எழுத்தும் எழுந்து நிற்கும். டிரைபாடின் இரும்பு முனையைக் கல்லில் ஊன்றுவது. சாமிக்கென வைத்த கயிறு, காசு, விளக்கு போன்றவற்றைப் படத்துக்காக நகர்த்துவது. வளைவு இடுக்கில் வௌவால் இருந்தால் ஃபிளாஷ் அடிப்பது. தேன்கூடு இருந்தால் அந்த வளைவுக்கு அடியில் போகவே வேண்டாம். வழியில் திறந்திருந்த படலைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுப் போங்கள். பயிர் வழியாகக் குறுக்கே போகாதீர்கள்.

குழுவாகப் போனால் எத்தனை பேர்?

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கீழ்நீர்ப் பக்கத்து நல்ல இடத்தில் சேர்ந்தாற்போல் மூன்று டிரைபாடுகள்தான் நிற்கும். இருபது நிமிடத்துக்கொரு முறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அடியில் எடுக்கப் போகிறவர் கலக்கிவிட்ட தண்ணீர் தெளிய நேரமாகும். பிரதிபலிப்புப் படம் எல்லாருக்கும் முடிந்த பிறகே ஓடையில் இறங்குவது என்று முதலிலேயே பேசிவைத்தால் சண்டை வராது.

ஓடையில் இறங்குவது ஆபத்தா?

உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மேல்நீர்ப் பக்கம் பெய்தால் மட்டம் ஏறும். இறங்கியதும் நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அந்தக் கல் நனைந்தால், தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், சத்தம் கனத்தால் உடனே கரையேறுங்கள். டிரைபாடை மடக்க நிற்க வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வேகமாக ஓடும் நீர் முழங்காலைத் தொட்டால் கடக்காதீர்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.

கேமரா தண்ணீரில் விழுந்துவிட்டது!

வேலை செய்கிறதா என்று பார்க்க ஆன் செய்யாதீர்கள். விழுந்ததில் பிழைத்த கேமராகூட அந்தப் பரிசோதனையில் சாகலாம். பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் மூன்றையும் கழற்றுங்கள். திறப்புகள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து வடியவிடுங்கள். உதறினால் நீர் இன்னும் உள்ளே போகும். துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதில் பயனில்லை, மாவுத்தூள்தான் உள்ளே சேரும். சேற்று நீரில் விழுந்தது என்றால் காயவிடுவதோடு நிறுத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். மெமரி கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு ரீடரில் போடுங்கள்.

ஒரே பாலத்துக்குத் திரும்பப் போவதில் ஏதாவது இருக்கிறதா?

முதல் நடையிலேயே அதற்கு வழிசெய்து வாருங்கள். டிரைபாட் நின்ற இடத்தைப் போனில் ஒரு படம், ஜிபிஎஸ் குறி, லென்ஸ் அளவு, வளைவு தொடங்கும் கல்லிலிருந்து நீர் எத்தனை வரிசை கீழே இருந்தது என்ற எண். நீர் இரண்டு வரிசை ஏறியிருக்கும் நாளில் அதே இடத்தில் நின்றால் வேறு வடிவம் கிடைக்கும். கோடையில் வற்றும் ஓடை என்றால் தூணின் அடிக்கல் வெளியே வரும். மற்ற நாட்களில் தண்ணீருக்குள் இருக்கும் கொத்தர் குறியோ, அரிப்பைத் தடுக்கப் போட்ட கல்தளமோ அப்போது எடுக்கக் கிடைக்கலாம்.